மூன்று லைஃபும் இரண்டு நிமிடத்தில் போனால்: பழைய வீடியோ கேம்களை முதல்முறை ஆடுகிறவர்களுக்கு

கல்லூரிப் பிள்ளைகள் நிறையப் பேர் இப்போது பழைய வீடியோ கேம்களைத் தேடி ஆடுகிறார்கள். சூப்பர் மாரியோ, கான்ட்ரா, டேங்க் என்று அப்பாவோ மாமாவோ சொல்லிக் கேட்ட பெயர்கள். போனில் இறக்கி ஆன் செய்தால் இரண்டு நிமிடத்தில் மூன்று லைஃபும் காலி. ‘கேம் ஓவர்’. மறுபடி முதலிலிருந்து. இப்படி நாலு தடவை ஆனதும், அந்தக் காலத்து ஆட்களுக்குப் பொறுமை ஜாஸ்தி என்று சொல்லிவிட்டு மூடி வைத்துவிடுகிறார்கள்.

எங்களுக்கும் பெரிய பொறுமையெல்லாம் கிடையாது. அந்தக் கேம்கள் ஆடுகிறவரிடம் என்ன எதிர்பார்த்தன என்று எங்களுக்குப் பழக்கத்தில் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். அதைச் சொல்லிக் கொடுத்துவிட்டால் யாரும் ஆடலாம்.

முதலில் அளவைப் பார்ப்போம். 1985-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் மொத்தமே 40 கிலோபைட். நீங்கள் படிக்கும் இந்தக் கட்டுரையைத் தமிழ் எழுத்தில் சேமித்தாலே ஏறக்குறைய அவ்வளவு இடம் பிடிக்கும். அந்த இடத்துக்குள் 32 ஸ்டேஜ், படங்கள், இசை எல்லாவற்றையும் அடைத்திருக்கிறார்கள். மேகமும் புதரும் ஒரே படம்தான். ஒன்றுக்கு வெள்ளை, இன்னொன்றுக்குப் பச்சை. அடுத்த முறை ஆடும்போது கவனித்துப் பாருங்கள். குறுக்கு வழிகள் தெரிந்த கெட்டிக்காரர்கள் இந்த கேமை 5 நிமிடத்துக்குள் முடித்துவிடுகிறார்கள்.

5 நிமிட கேமை மாதக்கணக்கில் எப்படி ஆடினார்கள்? செத்துச் செத்துத்தான். கடலூரிலிருந்து புதுச்சேரிக்குத் தினமும் பைக்கில் போகிறவரிடம் கேட்டால், எந்த வளைவில் வேகத்தடை, எந்தப் பள்ளத்தை இடது பக்கம் ஒதுங்கித் தாண்ட வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். பழைய கேமும் அந்தச் சாலை மாதிரிதான். இடம் சின்னது, அதை உடம்பு பழகும் வரை ஆட வேண்டும். இன்றைய கேம்கள் ஐம்பது, அறுபது மணி நேரம் புதுப் புது இடங்களாகக் காட்டிக்கொண்டே போகும். பழையவை ஒரே இடத்தை உங்களுக்கு மனப்பாடம் ஆகும் வரை காட்டும். இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டால் பாதி எரிச்சல் போய்விடும்.

ஏன் அப்படிச் செய்தார்கள் என்பதற்கும் காரணம் உண்டு. மாரியோவுக்கு முந்தைய கேம்கள் பல காசு போட்டு ஆடும் ஆர்கேட் மெஷின்களில் பிறந்தவை. சீக்கிரம் செத்தால்தான் அடுத்த காசு விழும். அந்தப் பழக்கம் வீட்டு கேமுக்கும் வந்தது. அப்புறம், கேமை அடைத்து விற்ற கேசட்டில் இடம் இல்லை, விலையோ அதிகம். வாங்கிக் கொடுத்த பெற்றோர் அடுத்த பண்டிகை வரை இன்னொன்று வாங்கித் தரமாட்டார்கள். இருக்கிற சின்ன இடத்தை வைத்து அவ்வளவு நாள் ஓட்ட வேண்டுமென்றால் கஷ்டமாக வைப்பதுதான் வழி.

நம் ஊரில் இது வேறு உருவத்தில் வந்தது. 1983-இல் நின்டெண்டோ ஜப்பானில் விட்ட கருவியின் பெயர் ஃபேமிகாம். தொண்ணூறுகளில் கடலூரில் பள்ளிக்கூடம் போனவர்கள் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள். ஆனால் ஆடியதெல்லாம் அதன் நகல்களில்தான். திருப்பாதிரிப்புலியூர் பக்கம் மணிக்கணக்குக்குக் காசு வாங்கி ஆடவிட்ட சின்னக் கடைகளில் இருந்ததும் அதேதான். கேசட்டின் மேல் ‘9999999 இன் 1’ என்று எழுதியிருக்கும். பட்டியலைக் கீழே தள்ளிக்கொண்டே போனால் விரல்விட்டு எண்ணக்கூடிய அதே சில கேம்கள் பெயரை மாற்றிக்கொண்டும், நடு ஸ்டேஜிலிருந்து தொடங்கியும் திரும்பத் திரும்ப வரும். அந்தப் பொய்க் கணக்குக்காக யாரும் சண்டை போட்டதாக நினைவில்லை.

முதல் ஸ்டேஜே வாத்தியார்

லாஸ்பேட்டையில் இருக்கும் என் அக்கா பையன் முதல்முறை மாரியோ ஆடியபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தொடங்கியதும் வலது பக்கம் ஓடினான். எதிரே பழுப்பு நிறக் காளான் மாதிரி ஒன்று மெதுவாக வந்தது. அதன் மேல் மோதிச் செத்தான்.

“மாமா, இதுல சேவ் எங்க இருக்கு?”

“அதெல்லாம் கிடையாதுடா.”

“அப்ப நடுவுல கரண்ட் போச்சுன்னா?”

“போச்சுன்னா போச்சு.”

நம்பாமல் பார்த்தான். சேவ் இல்லாத கேமும் கரண்ட் கட்டும் ஒன்றாக இருந்த ஊரில் நாங்கள் ஆடியது அவனுக்குப் புரிய நியாயமில்லை. ஆனால் அந்த முதல் சாவு தற்செயல் அல்ல, மாரியோவை உருவாக்கிய மியமோட்டோவின் குழு திட்டமிட்டு வைத்தது. அந்த எதிரியின் பெயர் கூம்பா. சும்மா நின்றாலும் அதுவே வந்து இடிக்கும். ஆகவே எதையாவது அழுத்தித்தான் ஆக வேண்டும். அழுத்தினால் மாரியோ குதிப்பார். குதித்து அதன் தலையில் விழுந்தால் அது நசுங்கும். ஒரு எழுத்துகூட இல்லாமல் இரண்டு பாடம் முடிந்துவிட்டது.

அடுத்தது இன்னும் அழகு. கேள்விக்குறி போட்ட பெட்டியைத் தலையால் முட்டினால் ஒரு காளான் வெளியே வரும். பார்க்க கூம்பா மாதிரியே இருப்பதால் புதிதாக ஆடுகிறவர் ஓடப் பார்ப்பார். அந்தக் காளான் வலது பக்கம் நகர்ந்து, கீழே விழுந்து, பச்சைக் குழாயில் முட்டி, திரும்பி உங்களை நோக்கியே வரும். பயந்து குதித்தால் மேலே இருக்கும் செங்கல் வரிசையில் தலை இடித்து அதன் மேலேயே விழுவீர்கள். விழுந்ததும் மாரியோ பெரிய ஆளாகிவிடுவார். ‘ஓ, இது நல்லது’ என்று தெரிந்துகொள்ளாமல் தப்பிக்கவே முடியாத மாதிரி அந்த இடத்தைக் கட்டியிருக்கிறார்கள். ஸ்டேஜின் பின்பகுதியில் எதிரெதிராக இரண்டு படிக்கட்டுகள் வரும். முதல் ஜோடிக்கு நடுவே வெறும் தரை, தவறி விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. அதைத் தாண்டி வரும் அடுத்த ஜோடிக்கு நடுவே பள்ளம். விழுந்தால் லைஃப் போகும். பழகவிட்டு, பிறகு பரீட்சை.

ஆகவே ஒரு கேமைப் புதிதாகத் தொடங்கும்போது முதல் ஸ்டேஜை முடிக்க அவசரப்படாதீர்கள். எல்லாப் பட்டனையும் அழுத்திப் பாருங்கள். மாரியோவில் குதிக்கும் பட்டனை எவ்வளவு நேரம் பிடிக்கிறீர்களோ அவ்வளவு உயரம் போவார். ‘பி’ பட்டனைப் பிடித்துக்கொண்டே ஓடினால் வேகமாக ஓடி, தூரமாகத் தாண்டுவார். இது தெரியாமல் மூன்றாவது உலகம் வரை (நாலு ஸ்டேஜ் சேர்ந்தது ஒரு உலகம்) நடந்தே போனவர்களை எனக்குத் தெரியும்.

புத்தகமும் கேமின் ஒரு பகுதிதான்

இன்றைய கேம் எல்லாவற்றையும் திரையிலேயே சொல்லித் தருகிறது. பழைய கேமில் அதற்கு இடம் இல்லை. கதை, பட்டன் விவரம், எதிரிகளின் பெயர் எல்லாம் பெட்டியோடு வரும் சின்னப் புத்தகத்தில் இருக்கும். நமக்கு வந்த நகல் கேசட்டில் அந்தப் புத்தகம் வந்ததே இல்லை. கதை என்னவென்றே தெரியாமல் நாமே ஒன்றைக் கட்டிக்கொண்டுதான் ஆடினோம்.

இது எங்கே உதைக்கும் என்றால், 1986-இல் வந்த லெஜண்ட் ஆஃப் செல்டா மாதிரி கேம்களில். தொடங்கியதும் ஒரு வெட்டவெளியில் நிற்பீர்கள். கையில் ஆயுதம் இல்லை. எங்கே போவது என்று யாரும் சொல்லமாட்டார்கள். மேலே இடது பக்கம் ஒரு கறுப்பு ஓட்டை இருக்கும். அது குகை, உள்ளே போனால் ஒரு பெரியவர் வாள் கொடுப்பார். அதைக் கவனிக்காமல் வலது பக்கம் போனால் வெறுங்கையோடு சாக வேண்டியதுதான். பழைய கையேடுகள் பல ஸ்கேன் ஆகி இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் இருக்கின்றன. பத்து நிமிடம் செலவழித்துப் படியுங்கள். அது காப்பி அடிப்பதில் சேராது.

ரகசியக் குறுக்கு வழிகளும் அப்படித்தான். அவை ஸ்கூல் இடைவேளையில் வாய்வழியாகப் பரவட்டும் என்று வைக்கப்பட்டவை மாதிரியே இருக்கும். மாரியோவில் ‘கேம் ஓவர்’ ஆனதும் தொடக்கத் திரையில் ‘ஏ’ பட்டனைப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் அழுத்தினால், நீங்கள் செத்த உலகத்தின் முதல் ஸ்டேஜிலிருந்து தொடரலாம். இரண்டாவது ஸ்டேஜின் கடைசியில் கூரைக்கு மேலே ஏறி ஓடினால் 2, 3, 4 ஆகிய உலகங்களுக்குப் போகும் குழாய்கள் இருக்கின்றன. இதெல்லாம் தெரிந்து ஆடினாலும் சுவாரஸ்யம் குறையாது.

சேவ் ஸ்டேட்: தொடலாமா, கூடாதா?

போனிலோ கம்ப்யூட்டரிலோ ஆடுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. எந்த நொடியிலும் கேமை அப்படியே உறைய வைத்து, செத்தால் அங்கிருந்தே தொடரலாம். இதற்குப் பெயர் சேவ் ஸ்டேட். சில வினாடி பின்னால் போகும் ரீவைண்டும் உண்டு. இதைத் தொட்டாலே பாவம் என்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வேலைக்குப் போகிறவருக்கு ராத்திரி அரைமணி நேரம்தான் கிடைக்கும். அதில் முதல் ஸ்டேஜையே தினமும் ஆடச் சொல்வது அநியாயம்.

ஆனால் பத்து வினாடிக்கு ஒருமுறை சேவ் செய்து ஆடினால் கேமில் ஒன்றுமே மிஞ்சாது. மேலே சொன்ன சாலையைப் பழகாமலே ஊர் போய்ச் சேர்ந்தால் போன மாதிரியே இருக்காது. என் யோசனை: ஸ்டேஜ் தொடங்கும் இடத்தில் மட்டும் சேவ் செய்யுங்கள். ஸ்டேஜுக்குள் செத்தால் அந்த ஸ்டேஜை முழுதாகத் திரும்ப ஆடுங்கள். ரீவைண்டை ஒரே ஒரு குதிப்பைப் பழக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

டிவி விஷயம்

இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. அந்த கேம்கள் கண்ணாடிக் குழாய் டிவிக்காக வரையப்பட்டவை. ஃபேமிகாம் படத்தின் அளவு 256-க்கு 240 புள்ளிகள் மட்டுமே. பழைய டிவியில் புள்ளிகள் ஒன்றோடு ஒன்று கொஞ்சம் கலந்து மென்மையாகத் தெரியும். பெரிய எல்இடி டிவியில் ஒவ்வொரு புள்ளியும் சதுரக் கட்டையாக நிற்கும். எமுலேட்டரில், அதாவது பழைய கருவியைப் போல நடிக்கும் மென்பொருளில், பழைய டிவி மாதிரி காட்டும் ஃபில்டர் இருக்கிறது, போட்டுப் பாருங்கள். அதைவிட முக்கியம் படத்தின் வடிவம். 4:3 என்ற அளவில் வையுங்கள். திரையை நிரப்ப வேண்டும் என்று இழுத்தால் மாரியோ தொந்தியும் தொப்பையுமாகிவிடுவார். பக்கத்தில் கறுப்புப் பட்டை வந்தால் வரட்டும்.

அடுத்தது தாமதம். இன்றைய டிவிகள் படத்தை அழகுபடுத்திவிட்டுத்தான் காட்டும். அதற்குள் 0.1 வினாடி போனால் 6 ஃபிரேம், அதாவது திரையில் அடுத்தடுத்து வரும் 6 படங்கள், போய்விடும். முழு வேகத்தில் ஓடும் மாரியோ அந்த நேரத்தில் கிட்டத்தட்ட தன் உடம்பு அகலம் நகர்ந்திருப்பார். பள்ளத்தின் விளிம்பில் சரியாகக் குதித்தேனே, ஏன் விழுந்தேன் என்று குழம்புகிறவர்களுக்குப் பதில் பெரும்பாலும் இதுதான். டிவி செட்டிங்கில் ‘கேம் மோட்’ இருந்தால் போடுங்கள். புளூடூத் கன்ட்ரோலரைவிட ஒயர் வைத்தது நல்லது. போனின் தொடுதிரையில் கான்ட்ரா ஆடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். விரல் எந்தப் பட்டனில் இருக்கிறதென்றே தெரியாது. சாதாரண யுஎஸ்பி கன்ட்ரோலர் போதும்.

கடலூர் வீடுகளில் இன்னொரு வழியும் இருக்கிறது. 2006-க்குப் பிறகு தமிழக அரசு கொடுத்த 14 அங்குல இலவச கலர் டிவி இன்னும் எத்தனையோ பரண்களில் தூங்குகிறது. அதுவும் கண்ணாடிக் குழாய் டிவிதான். பின்னால் மஞ்சள், வெள்ளைத் துளைகள் இருந்து, ஆன் செய்தால் படமும் வந்தால் பழைய கேமுக்கு அதைவிட நல்ல டிவி கிடையாது. ஓடவில்லை என்றால் பின்பக்கத்தைக் கழற்றி நீங்களே கை வைக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தேங்கி இருக்கலாம்.

டிவியில் பறக்கும் வாத்தைச் சுடும் டக் ஹண்ட் கேமின் துப்பாக்கிக்கு இந்த டிவி இல்லாமல் வேறு வழியே இல்லை. துப்பாக்கியிலிருந்து ஏதோ ஒளி போய் வாத்தின் மேல் படுகிறது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். நடப்பது நேர் எதிர். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுப்பாகும், பிறகு வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வரும். துப்பாக்கியின் முனையில் இருப்பது ஒளியைப் பார்க்கும் கண். அந்த வெள்ளை அதன் கண்ணில் பட்டால் வாத்து விழும். கண்ணாடிக் குழாய் டிவியின் நேரக் கணக்கை நம்பிச் செய்த வேலை என்பதால், எல்இடி டிவி முன்னால் அந்தத் துப்பாக்கி வெறும் பொம்மை.

திரையில் எதிரிகள் அதிகமானால் படங்கள் மினுக் மினுக்கென்று மின்னும். அது கோளாறு அல்ல. ஒரு கிடைவரிசையில் 8 நகரும் படத் துண்டுகளுக்கு மேல் ஃபேமிகாமால் காட்ட முடியாது. அதனால் கேமே அவற்றை மாற்றி மாற்றிக் காட்டுகிறது.

எங்கே வாங்குவது

புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தைக்குப் போனால் புது பிளேஸ்டேஷன் மாதிரி தோற்றத்தில் ஏதாவது பெட்டி கண்ணில் படலாம். உள்ளே இருப்பது பெரும்பாலும் அதே பழைய ஃபேமிகாம் நகல்தான். பேரம் பேசி வாங்கினால் ஒரு கோடை விடுமுறைக்குத் தாங்கும். மாரியோ, டேங்க், ரோட் ஃபைட்டர் ஆடிப் பார்க்க அது போதும், ஆனால் அதில் இருப்பவை அனுமதி இல்லாமல் போட்ட கேம்கள்.

ரெட்ரோஆர்ச் என்ற எமுலேட்டர் ப்ளே ஸ்டோரிலேயே இருக்கிறது. 2024 ஏப்ரலில் ஆப்பிளும் தன் ஸ்டோரில் எமுலேட்டர்களை அனுமதித்துவிட்டது. சட்டச் சிக்கல் இருப்பது கேம் கோப்பில். எண்பதுகளின் கேம்களுக்குக்கூடப் பதிப்புரிமை இன்னும் முடியவில்லை. எங்கிருந்தோ இலவசமாக இறக்குவது சட்டப்படி தவறுதான். காசு கொடுத்து வாங்க நல்ல வழிகள் இருக்கின்றன. கோனாமி 2019-இல் விட்ட கான்ட்ரா ஆனிவர்சரி கலெக்‌ஷன், கேப்காமின் மெகா மேன் லெகசி கலெக்‌ஷன் இரண்டும் கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் உண்டு. சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும். நின்டெண்டோ தன் பழைய கேம்களை வெளிக் கருவிகளுக்குத் தருவதில்லை. அதன் ஸ்விட்ச் கருவியை வைத்திருக்கிறவர்களுக்குச் சந்தாவில் கிடைக்கும். அதே 40 கிலோபைட்டுக்குள் 2019-இல் புதிதாகச் செய்த மைக்ரோ மேஜஸ் என்ற கேமும் இருக்கிறது. நாலு பேர் சேர்ந்து ஆடலாம்.

யாரிடமாவது பழைய கேசட்டே கிடைத்தால், ஓடவில்லை என்று வாயால் ஊதாதீர்கள். அந்தக் காலத்தில் எல்லோரும் செய்ததுதான், ஆனால் எச்சில் ஈரம் பட்டுப் பித்தளை நிறத் தகடு இன்னும் கெடும். தேவனாம்பட்டினம் உப்புக் காற்றில் அது ஏற்கெனவே பச்சை பிடித்திருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, காயவிட்டுப் போடுங்கள்.

எதிலிருந்து தொடங்குவது

மாரியோவிலிருந்து என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பொறுமை குறைவு என்றால் நான் 1990-இல் வந்த சூப்பர் மாரியோ வேர்ல்டைச் சொல்வேன். ஃபேமிகாமுக்கு அடுத்து வந்த சூப்பர் ஃபேமிகாம் கருவியின் கேம். கேசட்டிலேயே சேவ் உண்டு, தண்டனையும் மிதமானது. அதை முடித்துவிட்டுப் பின்னோக்கிப் போனால் 1985 மாரியோ அவ்வளவு மிரட்டாது. 1988-இன் மெகா மேன் 2-இல் 8 எதிரிகளை எந்த வரிசையிலும் அடிக்கலாம். மெட்டல் மேனை முதலில் அடியுங்கள். அவனிடமிருந்து கிடைக்கும் ரம்பத் தகடு எட்டுத் திசையிலும் பாயும், மீதி கேம் பாதி சுலபமாகிவிடும். முதல் பிளேஸ்டேஷனின் முப்பரிமாண கேம்களைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். வயதில் இளையவைதான், ஆனால் கேமராவும் கன்ட்ரோலும் இன்றைய கைக்கு அவைதான் அதிகம் முரண்டு பிடிக்கும்.

கோஸ்ட்ஸ் அண்ட் கோப்ளின்ஸ் பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம். உயிரைக் கொடுத்து முடித்தால், இதெல்லாம் மாயை, மறுபடி முதலிலிருந்து ஆடு என்று சொல்லும் கேம் அது.

கான்ட்ராவைத் தனியாக ஆடாதீர்கள். இரண்டு பேர் ஒரே டிவி முன்னால் உட்கார்ந்து ஆடச் செய்த கேம் அது. ஒரு குண்டு பட்டாலே லைஃப் போகும் என்பதால் தொடக்கத் திரையில் மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ என்று அழுத்துங்கள்; இரண்டு பேர் என்றால் செலக்ட், பிறகு ஸ்டார்ட். 3 லைஃபுக்குப் பதில் 30 கிடைக்கும். கோனாமியில் வேலை பார்த்த கஸுஹிஸா ஹஷிமோட்டோ 1986-இல் கிராடியஸ் கேமைச் சோதிக்கும்போது தன் சௌகரியத்துக்காகப் போட்டுவைத்த குறியீடு இது. செய்தவருக்கே கஷ்டமாக இருந்ததை நாம் வெட்கப்படாமல் பயன்படுத்தலாம். ‘எஸ்’ என்று எழுதிய ஆயுதம் பறந்து வந்தால் விடாதீர்கள், ஐந்து குண்டு விசிறி மாதிரி போகும். மூன்றாவது ஸ்டேஜ் அருவி. அதில் திரை மேல்நோக்கிப் போகும். ஒருவர் வேகமாக ஏறினால் கீழே நிற்பவர் திரைக்கு வெளியே விழுந்து செத்துவிடுவார். அண்ணன் தம்பிகளுக்குள் கைகலப்பு வந்ததெல்லாம் இந்த இடத்தில்தான். யார் முன்னால் ஏறுவது என்று இரண்டாவது ஸ்டேஜ் முடியும்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.